ஏத்துற கெட்டிக்காரனே, எறக்கத் தெரியுமா?

மாப்ளே, சன்னதித் தெரு லாட்ஜுல வரவேற்பறைக்கு நடுவுல நாலடிக் கண்ணாடித் தொட்டி எறக்கியிருக்கியாம். அரவானா மீன் வேற வரப்போவுதாம். வாசலைப் பார்த்து நின்னா வாஸ்துவாம், அறுவதாம் கல்யாணத்துக்கு வர்ற கூட்டம் நேரா உன் லாட்ஜுக்குள்ளதான் நுழையுமாம். நுழையட்டும். இந்த ஊர்ல அமிர்தகடேசுவரருக்கும் அபிராமிக்கும் அடுத்தபடியா ஒரு மீனுக்குக் கூட்டம் நின்னா மாமனுக்கு என்ன கசக்குதா? எமனையே எட்டி உதைச்ச ஊரு, இங்க வளத்தா மீன் சாவாதுன்னு நீ நெனைச்சிருக்கலாம். ஆனா சாமி உதைச்சது மார்க்கண்டனுக்காக. அவன் லிங்கத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டான். உன் மீனு எதைக் கட்டிப் புடிக்கும்? பிளாஸ்டிக் செடியையா?

மீன் வர்றதுக்கு முன்னாடியே வெள்ளம் வந்துடுச்சாமே. அக்கா சொல்லித்தான் எனக்குச் சேதி. ராத்திரி பூட்டிட்டுப் போறப்ப தரை காஞ்சு கெடந்துச்சாம், காலையில ஓமத்துக்குக் கெளம்பின மதுரைக் குடும்பம் பட்டுப் பொடவையை ஒரு சாண் தூக்கிக்கிட்டு உன் வரவேற்பறையைத் தாண்டிப் போச்சாம். மணப்பொண்ணுக்கு வயசு ஐம்பத்தஞ்சுக்கு மேல. வழுக்கி விழுந்திருந்தா அறுவதாம் கல்யாணம் ஆஸ்பத்திரியில நடந்திருக்கும். நீ என்ன பண்ணினே? தொட்டி ஒழுகுதுன்னு கண்ணாடிக்காரனைப் புடிச்சுத் திட்டினே. அவன் பாவம், ஒட்டினது ஒரு சொட்டுக் கூட ஒழுகல. விடிஞ்சு பார்த்தப்ப மேல் தொட்டியில பாதிக்கு மேல தண்ணி அப்படியே நின்னுச்சா இல்லையா? ஒழுகுற தொட்டி பாதியோட நிறுத்திக்கிற அளவுக்கு மரியாதை தெரிஞ்சதா?

மாமனுக்கு மடை தெரியும், மீன் தொட்டி தெரியுமான்னு உனக்கு ஒரு எளக்காரம். பொதுப்பணித்துறையில லஸ்கரா இருந்து ஷட்டரை ஏத்தி எறக்கியே ஆயுசுல பாதி போச்சு எனக்கு. உன் பொட்டியைத் தெறந்து பார்த்தேன். அது வேற ஒண்ணும் இல்ல, வரவேற்பறையில வச்ச வாய்க்கால். மேல ஒரு மடை, கீழ ஒரு வடிகால், நடுவுல ஒரு மோட்டார். வாய்க்கால்ல பண்ற தப்பு எல்லாத்தையும் நாலடிக்குள்ள பண்ணி வச்சிருக்கே, அதுக்கு ஒரு திறமை வேணும்.

முதல்ல எதை வாங்கினே? மோட்டாரை. எனக்குத் தெரியும், ஊர்ல எல்லாரும் அப்படித்தான். அட்டைப் பெட்டியில மணிக்கு 3,000 லிட்டர்னு பெரிய எழுத்துல போட்டிருக்கும். அதுக்குக் கீழே எறும்பு எழுத்துல இன்னொண்ணு போட்டிருக்கும், அதிகபட்ச உயரம் 3 மீட்டர்னு. பெரிய எழுத்தை நீ படிச்சே, சின்ன எழுத்தைக் கடைக்காரன் மட்டும் படிச்சான். அந்த 3,000 லிட்டர் மோட்டார் வாய்க்கு நேராவே, துளி உயரம் ஏத்தாம தண்ணி வந்தா வர்ற கணக்கு. 3 மீட்டர் உயரத்துல மோட்டார் ஓடும், தண்ணி ஒரு சொட்டு வராது. உன் சம்ப்பு, அதான் கீழ் தொட்டி, தரையில இருக்கு, தண்ணி விழற குழாய் மூக்கு நாலடிக்கு மேல. ஒண்ணேகால் மீட்டர்னு வச்சுக்க. நடுவுல உன் பிளம்பர் மாட்டின எல்போ நாலு. ஒவ்வொரு எல்போவும் தண்ணியைப் புடிச்சு நிறுத்தி விசாரிச்சுட்டுத்தான் அனுப்பும். எல்லாம் போக 1,500 லிட்டர் மேல வந்தாலே பெரிசு.

அதுக்காக மூஞ்சியைத் தொங்கப் போடாதே, அதுவே ஏராளம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 9 கன அடி. கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம், மொத்தம் 255 லிட்டர். மணிக்கு 1,500 வந்தா தொட்டித் தண்ணி முழுக்க அஞ்சு தடவைக்கு மேல சுத்தி வந்துடும். நல்ல தண்ணி மீனுக்கு மூணுலேருந்து அஞ்சு தடவை சுத்தினாப் போதும்னு அனுபவப்பட்டவங்க சொல்றது. நீ இன்னும் பெரிய மோட்டார் மாத்தணும்னு பேசிக்கிட்டுத் திரியறியாம். மாத்து. வெள்ளம் இப்ப வரவேற்பறையோட நின்னுச்சு, அடுத்த தடவை தெருவுக்கு வந்தா கோயில் தெப்பத்தை இங்கேயே விட்டுடலாம்.

ஏத்துறதுக்கு எவன் வேணாலும் காசு போடுவான் மாப்ளே. நாம கடைமடைக்காரங்க, நமக்கு இது சொல்லித்தான் தெரியணுமா? மேட்டூர்ல 1934லேருந்து அணை நிக்குது, 120 அடி. ஜூன் 12ஆம் தேதி தெறந்தாங்களா இல்லையான்னு பேப்பர்ல வரும், டிவியில வரும், மந்திரி பூத்தூவுற படம் வரும். நம்ம ஊர் வடிகால் வாய்க்கால்ல வெங்காயத்தாமரை மண்டிக் கெடக்கிற படம் எந்தப் பேப்பர்லயாவது பூவோட வந்துச்சா? ஆடியில தண்ணி வர்றப்ப நாம கடைசி, ஐப்பசியில தண்ணி நிக்கிறப்ப நாம முதல். குறுவை காயறதுக்கு மேட்டூரைத் திட்டலாம். சம்பா அழுகறதுக்கு யாரைத் திட்டறது? அது தண்ணி எறங்க வழி இல்லாததால அழுகுது. உன் வரவேற்பறையில நடந்ததும் சாட்சாத் இதுதான்.

கேளு. அன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு உன் லாட்ஜுப் பையன் கரண்ட் மிச்சம் புடிக்கிறேன்னு வரவேற்பறை சுவிட்ச் எல்லாத்தையும் தட்டிட்டுப் படுத்துட்டான். நல்ல பையன், அவனைத் திட்டாதே. நீதான் மோட்டாருக்குத் தனி சுவிட்ச் வைக்காம டியூப் லைட்டோட சேத்து வச்சே. மோட்டார் நின்னுச்சு. மேலேருந்து வர்ற குழாய் மூக்கை எங்க விட்டிருக்கே? தண்ணிக்குள்ள ஆறு அங்குலம் ஆழத்துல. சலசலன்னு சத்தம் வரக் கூடாதாம் முதலாளிக்கு. மோட்டார் தள்ளினப்ப மேல ஏறின தண்ணி, மோட்டார் நின்னதும் அதே குழாய் வழியா தானா உறிஞ்சிக்கிட்டுத் திரும்பிக் கீழ எறங்க ஆரம்பிச்சுடுச்சு. டிரம்முல டியூபைப் போட்டு வாயால உறிஞ்சி டீசல் எறக்குவாங்களே, அந்தச் சங்கதிதான். மூக்கு தண்ணிக்கு வெளியே தலையைக் காட்டுற வரைக்கும் அது நிக்காது.

கணக்குப் போடு. மேல் தொட்டி 6 சதுர அடிப் பரப்பு. ஒரு அங்குலம் எறங்கினா அரைக் கன அடி, 14 லிட்டர். ஆறு அங்குலம்னா 85 லிட்டர். கீழ உன் சம்ப்பு ரெண்டரை அடி நீளம், அகலமும் உயரமும் ஒண்ணேகால் அடி. தளும்பத் தளும்ப ஊத்தினாலே 110 லிட்டர்தான் கொள்ளும். அதுல ஏற்கெனவே முக்காவாசி ரொப்பி வச்சிருந்தே, பார்க்க அழகா இருக்குன்னு. பாக்கி எடம் 27 லிட்டர் சொச்சம். மிச்சம் ஒரு 57 லிட்டர், நாலு குடம், மதுரைக்காரங்க காலுக்கு அடியில போச்சு. கண்ணாடிக்காரன் மேல என்னடா தப்பு?

இதுக்கு வைத்தியம் அரை ரூபாய் கூட ஆவாது. குழாய் மூக்கைத் தூக்கி மேல் மட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழ வை. தண்ணி மட்டத்துக்குச் சொட்டுக் கீழே அந்தக் குழாயில 3 மில்லி அளவுக்கு ஒரு துளை போடு. மோட்டார் ஓடறப்ப அந்தத் துளை வழியா கொஞ்சம் தண்ணி பீச்சிக்கிட்டு இருக்கும், இருக்கட்டும். மோட்டார் நின்னு மட்டம் எறங்கினதும் துளை காத்தை இழுக்கும், உறிஞ்சறது அந்த எடத்துலயே அறுந்துடும். பாசி புடிச்சு அந்தத் துளை அடைச்சுக்கும், வாரத்துக்கு ஒரு தடவை பல்லு குத்துற குச்சியால குத்தி விட்டுடு. அந்த வேலையை அந்தப் பையன்கிட்டக் குடு. சுவிட்ச்சை அணைக்கிற அக்கறை இதுலயும் இருக்கும்.

துளை போட்டப்பறமும் சும்மா கொஞ்சம் தண்ணி எறங்கத்தான் செய்யும். மூக்குக்கு மேல நிக்கிறது, மூலைத் தடுப்புல தண்ணி வழியற பல்லுக்கு மேல நிக்கிறது, குழாய்க்குள்ள நிக்கிறது எல்லாம் சேத்து 25, 30 லிட்டர். சம்ப்புல ஒரு அங்குலம் ஏற ஏழு லிட்டர் சொச்சம் வேணும். ஆக நாலு அங்குலம் ஏறும். நீ அஞ்சு அங்குலம் காலியா விடு. பதினஞ்சு அங்குல சம்ப்புல பத்து அங்குலத்துல பெயின்ட்டால ஒரு கோடு போட்டு வை. அதுக்கு மேல ஊத்தறவன் எவனா இருந்தாலும் தரையை அவனே தொடைக்கட்டும்.

உன் பிளம்பர் இதுக்கு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டாப் போதும்னு சொன்னானாம். போடட்டும், கடைக்காரன் பொழைக்கணும். போர்வெல்லுக்கு அது சரி. மீன் தொட்டியில நத்தை இருக்கு, பாசி இருக்கு, செடித் தழை இருக்கு. ஒரு தழை அந்தத் தகட்டுக்கு நடுவுல மாட்டினா வால்வு அரைக்கண்ணு மூடித் தூங்கும், தண்ணி பாட்டுக்கு எறங்கும். வால்வை நம்பிச் சம்ப்பை ரொப்பறவனுக்கும் ஜோசியனை நம்பிக் கடன் வாங்கறவனுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வழிஞ்சு எறங்குற குழாய். இதைத்தான் நீ மொத யோசிச்சிருக்கணும், கடைசியா யோசிச்சே. மூலையில கண்ணாடித் தடுப்புக் கட்டி, மேல பல் பல்லா வெட்டி, அதுக்குள்ள ஒரே ஒரு முக்கால் அங்குலக் குழாய் எறக்கியிருக்கே. ஏத்துறதும் முக்கால், எறக்குறதும் முக்கால். நியாயமாத்தான் தெரியும். ஏத்துற குழாயை மோட்டார் தள்ளுது, எறக்குற குழாயைத் தள்ள யார் இருக்கா? தன் பாரத்துல தானே எறங்கணும். அதுல ஒரு மீன் குஞ்சு, ஒரு வாடின எலை வந்து வாயை அடைச்சா? மோட்டார் பாவம், கீழ இருக்கறதை விசுவாசமா மேல ஏத்திக்கிட்டே இருக்கும். அப்ப வெள்ளம் மேல் தொட்டி விளிம்புலேருந்து வரும், கரண்ட் இருக்கறப்பவே வரும்.

ரெண்டு குழாய் எறக்கு, ரெண்டும் ஒரு அங்குலத்துக்குக் கொறையாம. ஒண்ணு தாழ்வா, ஒண்ணு ஒசரமா. தாழ்ந்த குழாய்க்குக் கீழ, சம்ப்புக்கு மேல கை எட்டுற எடத்துல கேட் வால்வு வை. மோட்டாரைப் போட்டுட்டு அந்த வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாச் சாத்து. தடுப்புக்குள்ள மட்டம் ஏறி ஏறி, தாழ்ந்த குழாய் வாய் முழுகும். காத்தே உள்ள போகாம முழுக் குழாயும் தண்ணியா எறங்கும். அப்பப் பாரு, சத்தம் அடங்கிடும். இப்ப உன் லாட்ஜுல ராத்திரி பூரா யாரோ வாய் கொப்பளிக்கிற சத்தம் கேக்குதாமே, அது தண்ணியும் காத்தும் ஒரே குழாய்க்குள்ள சண்டை போடற சத்தம். ஒசரமான குழாய்க்கு வால்வே வைக்காதே. அதுல நூல் மாதிரி கொஞ்சம் தண்ணி ஓடினாப் போதும். மொதக் குழாய் அடைச்சுக்கிட்டா அது முழு வேலையையும் எடுத்துக்கும். சத்தம் போடும், போடட்டும். அந்தச் சத்தம்தான் உனக்குத் தாக்கல்.

பால் வால்வு மலிவா இருக்கேன்னு அதைப் போட்டுடாதே. கால் திருப்புல தெறந்து கால் திருப்புல சாத்தும், நடுவுல நிறுத்தி மயிரிழை கூட்டிக் கொறைக்க அதுக்குத் தெரியாது. ஷட்டர் புடிச்ச கை சொல்லுது. ஒரு பல்லு ஏத்தறதுக்கும் ரெண்டு பல்லு ஏத்தறதுக்கும் நடுவுல ஒரு கிராமத்துச் சண்டையே இருக்கு.

இந்த ரெண்டு குழாய் வேலைக்கு வெள்ளைக்காரன் ஹெர்பின்னு பேர் வச்சிருக்கானாம். மூணு குழாய் எறக்குற ஏற்பாடு ஒண்ணு இருக்காம், அதுக்குப் பீன் அனிமல்னு பேராம். முழுசா ஓட ஒண்ணு, மிச்சம் வழிய ஒண்ணு, ஆபத்துக்கு ஒண்ணு சும்மா காஞ்சு நிக்கும். ஒரே குழாயில மேல காத்துக்குத் துளை விட்டு வளைச்சா அதுக்கு டர்சோன்னு பேர். உன் செல்போன்லதான் காட்டினான் அந்தப் பையன். பேரைக் கேட்டு மலைச்சுப் போகாதே. கடைமடையில பொறந்தவன் எவனும் ஒரே வடிகாலை நம்பி நடவு நட மாட்டான். அவங்க அதை எழுதி வச்சாங்க, நாம சும்மா இருந்துட்டோம்.

குழாய் கீழ முடியற எடத்துலயும் ஒரு சூட்சுமம். சம்ப்புத் தண்ணிக்குள்ள ஒரு அங்குலம் முழுகினாப் போதும். அடி வரைக்கும் எறக்கினா, கரண்ட் போயி வந்தப்பறம் குழாய்க்குள்ள மாட்டின காத்து வெளியேற முடியாம முக்கும். அதுவரைக்கும் தண்ணி சரியா எறங்காது. படுக்கையாக் குழாயை ஓட்டாதே, சரிவு குடு. தொண்ணூறு டிகிரி எல்போவுக்குப் பதிலா நாப்பத்தஞ்சு டிகிரி ரெண்டு போடு.

பிளம்பர்னு ஒருத்தனைக் கூட்டியாந்தியே, கைகாரன்தான், மாடித் தொட்டிக்குக் குழாய் போடறதுல அவனை அடிச்சுக்க ஆள் இல்ல. மாடித் தொட்டி ரொம்பினா தெருவுல ஊத்தும், நாய் நனையும், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்துலயே இதையும் போட்டான். குழாயைக் கழட்டி மாட்டுற யூனியன் ரெண்டு வாங்கச் சொன்னா, எதுக்கு வீண் செலவுன்னான். மோட்டாரைக் கழட்டிக் கழுவணுமா வேண்டாமா? யூனியன் இல்லாம சொலுஷன் போட்டு ஒட்டினா, ஒவ்வொரு தடவையும் ஹேக்ஸா பிளேடாலதான் கழட்டணும். மோட்டாருக்கு மேல ஒரு யூனியன், கேட் வால்வுக்குப் பக்கத்துல ஒரு யூனியன். அப்பறம் மோட்டாரிலேருந்து குழாய்க்கு நடுவுல ஒரு சாண் ரப்பர் ஓஸ் வச்சு கிளாம்ப் போடு, மோட்டாரை ஒரு பஞ்சு மேல உக்கார வை. இல்லன்னா அது கிர்ருனு அதிர்ற அதிர்ச்சி கண்ணாடி வழியா மொத்தப் பொட்டிக்கும் போயிடும். சொலுஷன் போட்டப்பறம் ஒரு நாள் காய விடு. சொலுஷன் நாத்தம் போறதுக்குள்ள சுவிட்ச்சைப் போட்டுப் பார்க்கணும்னு உனக்குக் கை அரிக்கும். கையைக் கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போயிட்டு வா.

பித்தளை வால்வு கெட்டியா இருக்கும்னு எவனாவது சொன்னா நம்பாதே. பித்தளையில செம்பு இருக்கு. கோயில் குடத்துக்கு அது அழகு, தொட்டியில இறால், நத்தை விட்டா அதுங்களுக்கு விஷம். பிளாஸ்டிக் வால்வே போதும்.

துளை போடறதைப் பத்தி ஒண்ணு. தொட்டிக்கு அடியில துளை போட்டு டேங்க் நிப்பிள் மாட்டணும்னா, கண்ணாடி டஃபன்டு கண்ணாடியான்னு கேட்டுக்க. டஃபன்டு கண்ணாடியில துளை போட ஆரம்பிச்சா நிப்பிள் தேவைப்படாது, தொட்டியே பொடிப் பொடியாத் தரையில இருக்கும். சாதாக் கண்ணாடின்னா வைரப் பல்லு வச்ச கட்டர், விடாம தண்ணி, அவசரப்படாத கை. நிப்பிளை மொத வாங்கி அளவு பார்த்துட்டு அப்பறம் கட்டரை வாங்கு. நம்ம ஆளுங்க தலைகீழாப் பண்ணிட்டு, துளை பெரிசாப் போச்சுன்னு எம்-சீல் வாங்க ஓடுவாங்க.

துளை எல்லாம் தொட்டியை நிக்க வைக்கிறதுக்கு முன்னாடி. இந்த ஊர்ல ஒரு கதை உண்டு, உனக்கு நான் சொல்லணுமா? தேவர்கள் அமிர்தக் கடத்தைக் கீழ வச்சுட்டுக் குளிக்கப் போனாங்க, வந்து தூக்கினா அது எழும்பல, அங்கேயே லிங்கமா நின்னுடுச்சு. தேவர்களாலயே தூக்க முடியல. நீ 255 லிட்டர் ரொப்பி, ஒரு லிட்டர் ஒரு கிலோ, கண்ணாடி, மணல், ஸ்டாண்டு தனி, அப்பறம் வந்து வாஸ்துக்காரன் சொன்னான் அரை அடி தள்ளி வையுங்கங்கிறே. அங்கேயே கும்பிட்டுக்க. பிளைவுட் அலமாரி மேல வைக்காதே. கடல் பக்கத்துலயே இருக்கு, காத்துலயே ஈரம், நம்ம ஊர்ல பிளைவுட் ஊதிக்கும். இரும்பு ஆங்கிள்ல ஸ்டாண்டு அடிச்சு, பெயின்ட் அடிச்சு, மேல தெர்மாகோல் போட்டுத் தொட்டியை வை. ஸ்டாண்டு அடிக்கிறதுக்கு முன்னாடி சம்ப்பு அந்தக் கதவு வழியா உள்ள போகுமான்னு அளந்துக்க. சிரிக்காதே, போகாத சம்ப்பை நான் பார்த்திருக்கேன்.

சம்ப்புக்குள்ள என்ன வைக்கணுங்கறது பெரிய விஷயம் இல்ல. தண்ணி விழற மொத அறையில பஞ்சு, அழுக்கு அங்க நிக்கட்டும். அடுத்த அறையில கல்லோ பீங்கான் வளையமோ, அதுல நல்ல கிருமி குடியேறி மீன் கழிவைத் தின்னும். அது குடியேற நாலஞ்சு வாரம் ஆவும், அது வரைக்கும் பொறு. அப்பறம் நீர்க்குமிழி அடங்க ரெண்டு மூணு தடுப்பு, கடைசியா மோட்டார் அறை. வெயில்ல தண்ணி ஆவியாப் போறது அந்தக் கடைசி அறையில மட்டும்தான் தெரியும். மேல் தொட்டி எப்பவும் பல்லு மட்டத்துல ததும்பிக்கிட்டு நிக்கும், பார்க்கறவன் ஏமாந்துடுவான். மோட்டார் கரகரன்னு காத்தைக் குடிச்சா ரெண்டு செம்பு தண்ணி ஊத்துன்னு அர்த்தம்.

என்ன தண்ணி ஊத்தப் போறே? போர் தண்ணிதானே. கடலோரம் நெருங்க நெருங்க நிலத்தடியில உப்பு ஏறிக்கிட்டு வர்றது நாடறிஞ்சது. உன் அரவானா மென்மையான தண்ணியில பொறந்த மீன். அதுவும் அது ரெண்டரை அடிக்கு மேல வளரும். உன் தொட்டி ஒன்றரை அடி அகலம், திரும்பணும்னா மீனே எல்போ போட்டுத்தான் திரும்பணும். துள்ளிக் குதிக்கிற சாதி வேற, மூடி இல்லன்னா ஒரு நாள் காலையில ரெஜிஸ்டர் நோட்டு மேல கெடக்கும். மோலி விடு, கப்பி விடு. உப்புச் சாயல் தண்ணி அதுங்களுக்கு ஒத்துக்கும், குட்டி போட்டுப் பெருகும், சின்னப் புள்ளைங்க வேடிக்கை பார்க்கும். குட்டி எறங்குற குழாய் வழியா சம்ப்புக்குப் போவாம இருக்க, பல்லு மேல ஒரு வலையைக் கட்டு. வாஸ்துக்கு மோலி ஆவாதுன்னு எந்தச் சாஸ்திரத்துல எழுதியிருக்கு?

கண்ணாடிக்குள்ள மீன் விட்டு வேடிக்கை காட்டறது இன்னிக்கு நேத்திக்கு வந்த வித்தை இல்ல. 1909லேயே மெட்ராஸ் மெரினா கடற்கரையில மீன் காட்சி சாலை தெறந்தாங்க, மியூசியத்துல இருந்த எட்கர் தர்ஸ்டன் துரை எடுத்த முயற்சி. இப்ப சென்னை கொளத்தூர்ல தெருத் தெருவா வண்ண மீன் வியாபாரம். நம்ம பக்கமே மீனுக்குப் பம்பு புதுசு இல்ல. தரங்கம்பாடிப் பக்கம் கடலோரமா இறால் பண்ணை வந்தப்ப கடல் தண்ணியை இழுக்கப் பெரிய பெரிய மோட்டார் போட்டாங்க. இழுக்கறதுக்கு யோசிச்சவங்க, கழிவை எறக்கறதுக்கு மட்டும் நம்ம வயலையும் வாய்க்காலையும் பார்த்தாங்க. காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயா சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, 1996 டிசம்பர்ல தீர்ப்பு வாங்கினாரு. அப்பறம் 2005ல அதுக்குன்னு தனிச் சட்டமே வந்துச்சு. எறக்குற வழியை யோசிக்காம ஏத்தினவனுக்கு டெல்லி வரைக்கும் பதில் சொல்ல வேண்டி வந்துச்சு. உனக்கு அக்காவோட போச்சேன்னு சந்தோஷப்படு.

கோயிலுக்குத் தினம் போறியே, ஒரு நாளாவது குனிஞ்சு பார்த்தியா? எத்தனை குடம் அபிஷேகம் பண்ணினாலும் கருவறையில தண்ணி நிக்குதா? கல்லு வச்சப்பவே கோமுகிக்கு எடம் விட்டுத்தான் வச்சான். மேல எத்தனை குடம் ஊத்துவாங்கன்னு சிற்பி எண்ணிக்கிட்டு நிக்கல, வெளியே போற வாய் இருக்கான்னுதான் பார்த்தான்.

கரண்ட் சங்கதி. மோட்டாருக்குத் தனிப் பிளக்கு, தனி சுவிட்ச், அது மேல ‘தொடாதே’ன்னு தமிழ்ல எழுதி ஒட்டு. கரண்ட் கசிஞ்சா வெட்டி விடற ஆர்.சி.சி.பி. இல்லாத பலகையில தண்ணிக்குள்ள கெடக்கிற மோட்டாரை மாட்டாதே. ஒயர் பிளக்குக்கு நேரா வராம, பிளக்கை விடக் கீழ தொங்கி ஒரு வளையம் போட்டு மேல ஏறட்டும். ஒயர் வழியா வழியற தண்ணி அந்த வளையத்துலயே சொட்டிடும், பிளக்குக்குள்ள போவாது. 40 வாட்ஸ் மோட்டார் நாள் பூரா ஓடினா ஒரு யூனிட்டுக்குள்ள, ரெண்டு மாசத்துக்கு 58 யூனிட். அதை மிச்சம் புடிக்கிறேன்னு ராத்திரி அணைச்சா, காத்து இல்லாம அந்த நல்ல கிருமி செத்துடும், அது பின்னாடியே மீனும் போயிடும். மாசம் ஒரு நாள் பராமரிப்புன்னு காலையிலேருந்து சாயந்திரம் வரைக்கும் கரண்ட் போகும், அது நமக்குத் தெரிஞ்ச கதை. அதுக்குப் பேட்டரியில ஓடற காத்து மோட்டார் ஒண்ணு வாங்கி வை. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கா கரண்ட் இல்ல. அப்படி ஒண்ணு வந்தா மீனைப் பத்தி உன்னை யாரும் கேக்க மாட்டாங்க, நீயும் கேட்டுக்காதே.

இவ்வளவும் கேட்டுட்டு நீ பெரிய மோட்டார்தான் வாங்கப் போறே, எனக்குத் தெரியும். வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு காரியம் பண்ணு. ராத்திரி வேண்டாம், பகல்ல, லாட்ஜுல கல்யாணக் கூட்டம் இல்லாத நாளாப் பார்த்து. குழாய் எல்லாம் மாத்தி, தண்ணி ரொப்பி, மோட்டாரை ஓட விடு. அப்பறம் உன் கையாலேயே சுவிட்ச்சை அணைச்சுட்டு ஒரு ஸ்டூலைப் போட்டுச் சம்ப்புப் பக்கத்துல உக்காரு. தண்ணி ஏறி நிக்கிற எடத்துக்கும் விளிம்புக்கும் நடுவுல ஒரு அங்குலமாவது இருக்கணும். மறுபடி போடு, மறுபடி அணை. அடுத்து, எறங்குற தாழ்ந்த குழாய் வாயை ஒரு துணியால அடைச்சுட்டு மோட்டாரை ஓட விட்டுப் பாரு, ஒசந்த குழாய் ஒண்டியாத் தாங்குதான்னு. தாங்கினா, நாலஞ்சு வாரம் கழிச்சு மோலி வாங்கிக்க. தாங்கலன்னா கொளத்தூர்க் கடைக்குப் போன் போட்டு அரவானாவுக்குக் குடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேளு.